வாராவாரம் வாட்டர் வாஷ்

திண்டிவனத்தில் கார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருந்தபோது எனக்கு வந்த தலைவலியில் பாதி இன்ஜினால் வந்ததில்லை, காரோடு தரும் மொபைல் ஆப்பால் வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

புதுக் கார் டெலிவரி அன்று வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனில்தான் ஆப்பை ஏற்றுவோம். வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது எல்லாம் அதில் தெரியும். அதை நிறுத்துவதும் அந்த போனில்தான் முடியும். ஓட்டப்போவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கணவர் பெயரில் வாங்கிய காரை ஓட்டிக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், நான் போற எடமெல்லாம் எங்க வூட்டுக்காரருக்குத் தெரியுதாமே? 'கிளியனூர்ல இன்னா வேலை?'ன்னு கேட்டாரு. அத்த ஆஃப் பண்ணி வுடுங்க."

"அதுக்கு அவரு போன் வேணுமே டீச்சர்."

கிளியனூரில் அவர் மகள் இருந்தாள். விரும்பியவனைக் கட்டிக்கொண்டாள் என்று அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் வண்டி எங்களிடம் வாட்டர் வாஷுக்கு வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு டீச்சர் கிளியனூருக்கு பஸ் ஏறிவிடுவார். ஆப்பில் பார்த்தால் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். பளபளவென்று இருந்த வண்டியையே திரும்பத் திரும்பக் கழுவினோம். பெற்ற பிள்ளையைப் பார்க்க இத்தனை திருட்டுத்தனமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை கணவரே வந்து நின்றார். விழுப்புரத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர்.

"டீச்சர் மார்க்கெட்டுக்கு..." என்று இழுத்தேன்.

"தெரியும் சார். பொண்ணப் பாக்க பஸ்ல போயிருப்பா." போனைக் காட்டினார். "முன்னெல்லாம் கடையில ஒக்காந்துக்கினு இத்தயேதான் பாப்பேன். எம் பொண்ணு வூட்டாண்ட வண்டி நிக்கும். நானும் அங்க போயி நின்னாப்புல இருக்கும். இப்ப இங்கியே நிக்குது சார்."

"நீங்களே போய் பாக்கலாமே?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?" வந்த வழியே போய்விட்டார்.

டீச்சர் திரும்பியதும் அவர் பேசியதைச் சொன்னேன். உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"அத்த வாயத் தொறந்து எங்கிட்ட சொன்னா இன்னாவாம் அந்த மனுசனுக்கு?"

அன்றிலிருந்து டெலிவரியில் முதலில் ஓட்டப்போகிறவரைத் தேடிப்பிடித்து, ஆப்பில் என்னவெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் போனைக் கையில் வாங்குவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பிறகு சில வாரங்கள் அந்த வண்டி வரவில்லை. வந்தபோது மேலெல்லாம் புழுதி. பக்கத்து சீட் காலியாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் இன்னும் பொண்ணப் பாக்கப் போகலியா டீச்சர்?"

"வருவாரு சார். அதுவரிக்கும் பொண்ணு வூட்டு வாசல்லியே நிறுத்தறேன். அவரு போன்ல நல்லாப் பாக்கட்டும்."