வாசனை போட்ட ரப்பர் மீன்

என் வீட்டுக்காரர் தூண்டில் போடுகிறவர். கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. வாரத்தில் ஆறு நாள் செங்கல்பட்டிலிருந்து ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஸ்கூட்டரில் தூண்டில் ராடைக் கட்டிக்கொண்டு அதே திசையில் கிளம்பிவிடுவார். கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் அகலமாகப் பரந்து நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்துகொண்டால் அங்கே கொடுவா மீன் ஏறி வரும். அதற்காகத்தான் அந்த ஓட்டம்.

இரை வைத்துப் பிடிக்கிறவர் இல்லை அவர். ரப்பரில் செய்த குட்டி மீனைக் கொக்கியில் கோத்து, வீசி, மெல்ல இழுப்பார். அது வாலை ஆட்டிக்கொண்டு வரும். அந்த வருஷம் ஐப்பசியில் ஆன்லைனில் ஒரு புட்டி வரவழைத்தார். இறால் வாசனை ஜெல். ரப்பர் மீன்மேல் தடவினால் மீன் விடாது என்று புட்டியில் எழுதியிருந்தது. இரண்டு ஞாயிறு போய்வந்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்றார்.

"தடவாம வீசிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதான் மாட்டுதே."

"தடவாமலே அதே அளவு மாட்டியிருந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஆபீஸ் வேலைய வூட்டுக்கு எடுத்துனு வந்துட்டியா?"

என் ஆபீஸ் வேலை அதுதான். செங்கல்பட்டுக்கு வடக்கே ஓர் எசன்ஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாக முகர்ந்து பார்க்கும் வேலை. பிஸ்கட்டுக்கு, ஐஸ்கிரீமுக்கு, பாயச மிக்ஸுக்குப் போகிற எசன்ஸ் எல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். மூன்று கிண்ணம் வைப்பார்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். கிண்ணத்தின்மேல் மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். எது பழையது, எது புதியது என்று முகர்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு மூக்கை முந்திக்கொள்ளும்.

அவரிடம் நான் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு வாசனை தெரியாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐப்பசி தொடக்கத்தில் வீட்டில் எல்லாருக்கும் ஜுரம் வந்தது. எல்லாருக்கும் போன பிறகு எனக்கும் போனது. மூக்கு மட்டும் திரும்பவில்லை. சளி போனால் சரியாகும் என்று இருந்தேன். சளி போய்விட்டது. பக்கத்து வீட்டில், பருவம் தப்பிக் காய்த்த பலாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் கேட்டைத் திறக்கும்போதே "பலாப்பழமா?" என்றார். நான் அதை வெட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் என்னோடு மேஜையில் மூன்று பேர் உட்காருவார்கள். அவர்கள் எந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் அதிகமாக நிற்கிறார்கள், எதில் புருவம் அசைகிறது என்று பார்த்து எழுதினேன். சில நேரம் எண்ணெய்ப்பசையை வைத்து ஊகித்தேன். சும்மா எழுதினாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். ஜுரத்துக்குப் பிறகு அசதி என்று மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டார்.

தடவியும் தடவாமலும் வீசிப் பார்க்கும் தூண்டில் சோதனையை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. என் தொழிலில் மூக்கு இல்லாமல் செய்யக்கூடியதாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

கார்த்திகை முதல் ஞாயிறு நானும் போனேன். ஒரே நிறத்தில், ஒரே அளவில் ரப்பர் மீன்கள். ஒரு டப்பாவில் ஜெல் தடவியது, இன்னொன்றில் வெறும் எண்ணெய் தடவியது. மூடியில் 417 என்றும் 862 என்றும் எழுதியிருந்தேன். பத்து வீச்சு இதில், பத்து வீச்சு அதில். அவர் வீச, நான் நோட்டில் எழுத வேண்டும். நேரம், தண்ணீரின் நிறம், கடல்தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா, எத்தனை கடி, எத்தனை மீன்.

முதல் டப்பாவைத் திறந்ததுமே அவர் சிரித்தார். "நம்பர் போட்டா மட்டும் போதுமா? இங்கருந்தே தெரியுது எது எதுன்னு. மூக்குல பஞ்ச அடச்சிக்கவா?"

அதற்கு நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டிய ஆள் நான்தான்.

அங்கே முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் வீச்சு வலையோடு வருவார். என் வீட்டுக்காரருக்குப் பல வருஷப் பழக்கம். நாற்பது வயதிருக்கும். நாங்கள் டப்பாவும் நோட்டுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"இன்னா அண்ணாத்த, அக்காவ இட்டாந்து பரீச்ச எழுதிக்கினுகீற?"

என் வீட்டுக்காரர் விவரம் சொன்னார். வலைக்காரர் புட்டியை வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கெளுத்திக்கு வாசன வேணும். நண்டுக்கு வேணும். அதுங்க தேடிக்கினு வர்ற ஜாதி. கொடுவா ஓடறதப் பாத்து அடிக்கிறது. அதுக்கு மோந்து பாக்க ஏது நேரம்?"

அது சரியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் புட்டியின்மேல் சந்தேகம் வந்தது. அந்த ஜெல் எண்ணெயில் செய்தது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், கரையாது. நாம் முகர்வது காற்றில் வருவதை. மீனுக்குப் போய்ச்சேர வேண்டுமானால் தண்ணீரில் கரைய வேண்டும். பிஸ்கட்டுக்கு ஒரு வகை, சர்பத்துக்கு ஒரு வகை என்று நாங்கள் எசன்ஸைப் பிரிப்பதும் இதனால்தான். இறால் தலையை வேகவைத்து, வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, கடல்பாசி சேர்த்துக் கெட்டியாக்கினால் ரப்பர்மேல் ஒட்டும், மெல்லக் கரையும். இன்னொரு டப்பாவுக்கு உப்புத் தண்ணீரில் வெறும் கடல்பாசி. பார்க்க இரண்டும் ஒன்றாக இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், மார்க்கெட்டில் இறால் உரிக்கிற அம்மாவிடம் ஒரு பை நிறையத் தலை வாங்கினேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். பையை மறந்தேன்.

வெள்ளிக்கிழமை சீட்டைத் திறந்து ரெயின்கோட்டை எடுத்தேன், வைத்தேன். சனிக்கிழமையும் அப்படியே. தொழிற்சாலை வண்டி நிறுத்துமிடத்தில் எங்கேயோ எலி செத்துக்கிடக்கிறது என்று எல்லாரும் மூக்கைப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். வாட்ச்மேன் செடிகளுக்கிடையில் குச்சியால் கிளறித் தேடினார். "நல்லாத் தேடுங்க" என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் இரவு ஷிப்டு. ஞாயிறு காலை வந்தவர், தூண்டில் சாமான்களை வைக்க சீட்டைத் திறந்தார். திறந்த வேகத்தில் பின்னால் நகர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். வண்டிக்குப் பக்கத்தில், அந்தத் திறந்த சீட்டுக்கு ஓர் அடி தூரத்தில் நின்று தண்ணீரை நீட்டினேன்.

அவர் சொம்பை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

திறந்த சீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இறால் தலைப் பை கிடந்தது.

"எத்தினி நாளா?"

"ஜுரத்துலேர்ந்து."

அதற்குப் பிறகுதான் சொம்பை வாங்கி வாயைக் கொப்பளித்தார். பையைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். வண்டியைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். திட்டுவார் என்று நினைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் தூங்கவும் இல்லை, மீன் பிடிக்கவும் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் கேட்டார்.

"ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எப்டி சோதிக்கிற?"

"மத்தவங்க மொகத்தப் பாத்து."

"சொல்லிடு" என்றார். "பொங்கல் போகட்டும்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் காலை கிளம்பும்போது, பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தும், வாசலில் நின்று சொன்னார்.

"அப்ப நீதான் வீசணும். டப்பாவ நான் நெரப்பறேன். எந்த நம்பர்ல எதுன்னு எழுதி பர்ஸுல வெச்சிக்கிறேன். நீ கட்டு, நீ வீசு. நான் எட்ட நின்னு எழுதறேன். உனக்குத்தான் தெரிய வழி இல்லையே."

அவர் கிண்டல் செய்யவில்லை. சோதனைக்கு வழி கண்டுபிடித்திருந்தார், அவ்வளவுதான். உண்மையில் அந்தக் கரையில் அந்த வேலைக்குத் தகுதியான ஒரே ஆள் நான்தான். போன மாதம் முழுக்க நான் எதற்கும் தகுதியில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்ததால், அன்று பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

மார்கழியிலும் தையிலுமாக எட்டு ஞாயிறு போனோம். புதிதாக இறால் தலை வாங்கிக் காய்ச்சியதும் அவர்தான். வீசக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி ஓடிய நாட்களில் ரப்பர் மீனை இழுக்காமல் அடியில் கிடக்கவிட்டோம். தெளிந்த பிறகு இழுத்தோம். வெயில் ஏறும்வரை நான் வீசுவேன், அவர் பத்தடி தள்ளி நின்று நோட்டில் எழுதுவார். என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவருக்கு நான் விதி போட்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று எனக்கும்.

நாலாவது ஞாயிறுக்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டது. 862-தான் வாசனை. கையிலேயே தெரிந்தது. 417-ஐக் கடிக்கிற மீன் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடும். 862-ஐக் கடிக்கிறது பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டாவது தடவையும் கடிக்கும். மூக்கு போனால் விரல் கூர்மையாகும்போல என்றுகூட நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. மாசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது, ஒரு மூன்று கிலோ கொடுவா 862-இல் மாட்டியது. வலைக்காரர்தான் தண்ணீரில் இறங்கித் தூக்கிக் கொடுத்தார். அன்று அங்கேயே பர்ஸைத் திறக்கச் சொன்னேன்.

அவர் மடித்த காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தார். 417 இறால். 862 வெறும் கடல்பாசி.

திரும்பவும் படித்தேன். மாற்றி எழுதிவிட்டாரோ என்று அவரைக் கேட்டேன். இல்லை என்றார்.

மணலில் உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். அடியில் கிடக்கவிட்ட நாட்களில் இறால் தடவியதில் கெளுத்தியும் நண்டும் தெளிவாக அதிகம். இழுத்த நாட்களில் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதிலும் மீன் இவ்வளவு குறைவாக இருந்தால் எதையும் அடித்துச் சொல்லக்கூடாது. உண்மையில் பெரிய வித்தியாசம் தெரிந்தது, நாங்கள் சும்மா எழுதிவைத்த இன்னொரு வரிசையில். தண்ணீர் ஏறத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் பாதிக்கு மேல் மீன் மாட்டியிருந்தது, எந்த டப்பாவாக இருந்தாலும்.

வலைக்காரரிடம் அதைச் சொன்னபோது ஈரவேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இத்த என்னாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனேக்கா. எட்டு வாரம் இன்னாத்துக்கு வெயில்ல காஞ்சிக்கினு?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உறுதிதான் என்னைத் தொந்தரவு செய்தது. 862-தான் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. இதே உறுதியோடுதான் மூன்று மாதத்துக்கு மேலாக, இது சரி, இது சரியில்லை என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. வேலை தொடங்குவதற்கு முன்பே மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன். என்னைவிட வயதில் சிறியவர். எனக்கு வாசனை தெரிவதில்லை, ஐப்பசியிலிருந்தே தெரிவதில்லை என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"அப்ப போட்ட கையெழுத்தெல்லாம்?"

"ஊகம்."

"எல்லாமா மேடம்?"

"எல்லாம்."

அவர் கத்தவில்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு சரக்கின் மாதிரியும் கிடங்கில் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பச் சோதித்தார்கள். மூன்று வாரம் ஆனது. தட்டில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டுபோய் மேஜையில் வைத்தது நான்தான். மேஜையில் இருந்த மூவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பேசவும் இல்லை. லேசாகக் காரல் அடித்த ஒரே ஒரு வெனிலா தப்பி வெளியே போயிருந்தது. வாங்கியவர்களுக்கு நிர்வாகம் கடிதம் எழுதியது. விவரத்தை நானே எழுதிக் கொடுத்தேன்.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. கிடங்கில் மாதிரிகளைப் பதிந்து பாதுகாக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். குளிர் அறை, ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். பங்குனி கடைசியில் மேஜைக்காரர்களில் ஒருவர் தன் டிபன்பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். அதிலிருந்து பேச்சு மெதுவாகத் திரும்பியது.

என் வீட்டுக்காரர் புட்டியைத் தூக்கிப்போடவில்லை. இன்னமும் தடவித்தான் வீசுகிறார். கேட்டால், தடவினால் கைக்கு ஒரு நம்பிக்கை வருகிறது என்கிறார். அதை எந்த வரிசையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூக்கு முழுதாகத் திரும்பவில்லை. டாக்டர் சொன்னபடி தினமும் சிலவற்றை முகர்ந்து பழகுகிறேன். போன மாதத்திலிருந்து காப்பி மட்டும் கொஞ்சம் தெரிகிறது, ரப்பர் கருகியதைப் போல. அது நல்ல அறிகுறி என்கிறார் டாக்டர். காலையில் ஒரு டம்ளர் காப்பி கலந்து, கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரிடம் கொடுத்துவிடுகிறேன்.