விமானத்துக்குப் போர்வை போர்த்திய நிறோஷினி

அந்தோனிமுத்துவின் இளைய மகள் நிறோஷினி முதலில் வென்றது தாயைத்தான். “தாதி வேலைக்குப் படி” என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். விமானத் திருத்துநர் பயிற்சிக்கு இரண்டு தரம் இல்லையென்றவர்களை மூன்றாம் தரம் சம்மதிக்க வைத்தாள். மின்சாரப் பாடத்தில் ஒருமுறை விழுந்து மறுமுறை எழும்பினாள். எட்டாத எஞ்சினைப் பால் பெட்டியைக் கவிழ்த்து, மேலே ஏறி நின்று எட்டினாள். கடைசியாக, ஒரு தை மாதத்துக் குளிரை வென்றாள். அன்று பக்கத்தில் நின்றவன் அவளுடைய அண்ணன் பிரதீபன்.

டெனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே, சிறிய விமானங்களைத் திருத்தும் பட்டறையில் அவள் பயிலுநராக இருந்தாள். திருத்திய விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திடும் உரிமை முதலாளி பிரெபெனுக்கு மட்டுமே இருந்தது. இன்னொருவருக்கு நிரந்தர வேலை கொடுப்பதென்றால், அவரும் கையெழுத்திடத் தகுந்தவராக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். எழுத்துச் சோதனைகளை நிறோஷினி முடித்துவிட்டாள். நான்கு இருக்கை விமானம் ஒன்றின் ஆண்டுச் சோதனையைத் தானே செய்து, மதிப்பீட்டாளர் பார்த்திருக்க எஞ்சினை ஓட்டிக் காட்டுவது மட்டும் மிச்சம்.

குறித்த நாள் காலையில் மைனஸ் பதினேழு. நிறோஷினியின் கார் ஒருமுறை முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. பிரதீபன் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கொண்டுபோய் இறக்கினான்.

விமானக் கொட்டகைக்குள் பல்லுக் கிட்டியது. பழைய எண்ணெயை அவள் முதல் நாளே வடித்திருந்தாள். ஊற்ற வேண்டிய புது எண்ணெய்ப் போத்தல் ஒன்றைச் சரித்துப் பார்த்தாள். உறைந்த நெய்போல அசைய மறுத்தது.

“இதை இப்பிடியே ஊத்தி ஸ்ராட் பண்ணினா என்ன?”

“எண்ணெய் மேல ஏறாது, அண்ணை. உள்ளுக்கை இரும்போட இரும்பு உரசும். எஞ்சினைச் சாக்கொல்ல அது காணும்.”

சூடான காற்று ஊதும் இயந்திரம் ஒன்றுதான் பட்டறையில் இருந்தது. அது எஞ்சினுக்கே போதாது.

“எண்ணெயை நான் பாக்கிறன்” என்று பிரதீபன் வீட்டுக்கு ஓடினான். மடு மாதா திருநாளுக்குச் சோறு காய்ச்சும் கிடாரம் அவனுடைய கராஜில்தான் இருந்தது. அதையும் காஸ் அடுப்பையும் கையில் அகப்பட்ட போர்வைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தான்.

“ஐயோ அண்ணை, எண்ணெயை அதுக்குள்ள ஊத்திப் போடாதேங்கோ!”

“எனக்கென்ன விசரே? பிறகு அதில காய்ச்சிற சோத்தை ஆர் தின்னிறது? தண்ணியைச் சூடாக்கி, போத்தலை மூடியோட நிக்க வைப்பம்.”

அடுப்பை விமானத்துக்குக் கிட்டவும் கொண்டுவர அவள் விடவில்லை. அது வெளியே, சுவரோரம் எரிந்தது. உள்ளே, விமானத்தின் மூக்கை அம்மாவின் ரோசாப்பூப் போர்வையால் மூடி, கீழ்த் துவாரத்தால் சூடான காற்றுக் குழாயை விட்டாள். போர்வை பற்றிக்கொள்ளக் கூடாது என்று அந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

பிரெபென் வந்து கிடாரத்தை எட்டிப் பார்த்தார். “மதியச் சாப்பாடா?”

“இல்லை. விமானத்துக்குக் காலைக் கஞ்சி” என்றாள் டெனிஷில்.

சொன்ன நேரத்துக்கு மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். நரைத்த தலைமுடியும் அதிகம் பேசாத வாயும் உள்ள பெண்மணி. பிரதீபன் போர்வைக்குள் கையை விட்டு எஞ்சினின் மேற்பக்கத்தைத் தொட்டான்.

“நல்லாச் சுடுகுது, பிள்ளை. ஸ்ராட் பண்ணு, அவ வந்திட்டா!”

“மேல சுடும். ஆவி பறக்குதெண்டு சோத்தை இறக்குவீங்களோ? பருக்கை எடுத்து நசுக்கிப் பாக்கிறேல்லையே?”

வெப்பமானியை எஞ்சினின் அடியில் பிடித்தாள். அங்கே இன்னும் பூச்சியத்துக்குக் கீழே நின்றது. நிமிர்ந்து, “இன்னும் தயாரில்லை” என்று மதிப்பீட்டாளரிடம் சொன்னாள்.

“மதியம் நான் ஒடென்சேக்குக் கிளம்ப வேண்டும்.”

“தெரியும். அடிப்பக்கம் சூடாகாமல் ஓட்ட மாட்டேன்.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். அது நல்லதோ கெட்டதோ தெரியவில்லை. வாய் தவறி ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று பிரதீபன் கிடாரத்தைக் கிண்டப் போனான். வெறும் தண்ணீரை என்னத்துக்குக் கிண்டுவது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

அவன் போத்தல்களோடு திரும்பியபோது நிறோஷினி விமானத்தின் கீழே மல்லாந்து கிடந்தாள். எஞ்சின் மூச்சுவிடும் சிறு குழாயின் வாயைப் பனிக்கட்டி அடைத்திருந்தது. அப்படியே ஓட்டினால் உள்ளழுத்தம் ஏறி எண்ணெய் வெளியே பீறிடும். சூடான காற்றை அதன்மேல் பிடித்தாள். கட்டி கரைந்து அவளுடைய கன்னத்தில் சொட்டியது.

ஒருவழியாக அடிப்பக்கமும் சூடாகியது. எண்ணெய் நல்லெண்ணெய்போல வழுவழுவென்று இறங்கியது. போர்வையை உருவி, விமானத்தை வெளியே தள்ளினார்கள். இரண்டு பெண்களும் ஏறி உட்கார்ந்தார்கள். அரை நிமிடத்துக்குள் எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்பாவிட்டால் எஞ்சினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அன்றைய சோதனை அதோடு சரி.

விசிறி சுழன்றது. எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்தது. வெளியே நின்ற பிரதீபனுக்கு முள் தெரியாது, தங்கையின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அது குனிந்தே இருந்தது. பிறகு நிமிர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரல் உயர்ந்தது.

“என்ர தங்கச்சியடா!” என்று அவன் கத்தினான். ஒரு சொல்லும் விளங்காத பிரெபென் கையுறையோடு கை தட்டினார்.

மதிப்பீட்டாளர் மதியம் தாண்டியும் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். இறங்கும்போது, “குளிரில் அவசரப்படாத ஆள் வேண்டும். இவர் அப்படிப்பட்டவர்” என்று பிரெபெனிடம் சொன்னார்.

அனுமதிப்பத்திரம் தபாலில் வந்தது, வேலையும் நிரந்தரமாகியது. பறப்புக் கழகமொன்றின் இரண்டு இருக்கை விமானத்தைத் திருத்தி, பறக்கலாம் என்று நிறோஷினி அந்தோனிமுத்து தன் முழுப் பெயரையும் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2024 மார்ச் 14.