வெடிப்பில் மாட்டிய ஈயக்குண்டு

என் வாழ்நாளில் நான் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. ஆனால் பதினோரு தூண்டில் கம்புகள் கட்டியிருக்கிறேன். கோவில்பட்டியில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்பவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். கடல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். ஐப்பசி கார்த்திகையில் மழை ஏமாற்றாமல் பெய்தால் கண்மாய்களில் தை மாசி வரை தண்ணீர் கிடக்கும். மற்ற மாதங்களில் ஆடுகள் மேயும். "மீன் வாடையே ஆகாத மனுசன் தூண்டில் கட்டுதாராம்" என்று என் மனைவி யாரிடமாவது போனில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

முப்பது வருடம் மோட்டார் காயில் கட்டிய கை இது. கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எரிந்து வந்ததையெல்லாம் பிரித்து, செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்திருக்கிறேன். முதுகுத் தட்டு விலகி, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் பட்டறையை விட்டேன். விட்ட முதல் மாதத்தில் வீட்டு மிக்சியை மூன்று தடவை பிரித்து மாட்டினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஃபேன்களையும் இறக்கி ஏற்றினேன். சும்மா உட்கார்ந்தால் எனக்குக் கை அரிக்கும். கை அரித்தால் வாய் நீளும். அப்புறம் வீட்டில் சண்டைதான். "போய் எதையாவது சுத்துங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று மனைவியே ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தெரிந்தவர் ஒருவர் வளையம் பெயர்ந்துபோன தூண்டில் கம்பு ஒன்றைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். வளையத்தின் காலைக் கம்போடு சேர்த்து வைத்து, இடைவெளி விடாமல் நைலான் நூலைச் சுற்றி, மேலே எபாக்சிப் பசை பூச வேண்டும். எனக்கு இது காயில் கட்டுவது மாதிரியேதான் இருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நகம் நுழையக் கூடாது. அன்று சாயங்காலம் வரை நான் யாரையும் திட்டவில்லை என்று மனைவி சொன்னாள். அடுத்த மாதமே வெறும் கார்பன் குழாய் ஒன்றைக் கூரியரில் வரவழைத்து, பிடியிலிருந்து நுனி வளையம் வரை முழுக் கம்பையும் நானே கட்டினேன்.

பசை பூசியதும் கம்பு மணிக்கணக்கில் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் பசை ஒரு பக்கமாக வடிந்து தொங்கிவிடும். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் குட்டி மோட்டாரைக் கழற்றி அதற்கு வைத்துக்கொண்டேன். கம்பு சுழலும்போது நானும் அதைச் சுற்றி நடப்பேன். கரண்ட் போனால் கையால் சுற்றுவேன். ஜன்னலில் ஈரத்துணி கட்டி, ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்வையில் குளிப்பேன். இல்லையென்றால் கரிசல் தூசி பசையில் எள்ளுத் தூவியது போல ஒட்டிக்கொள்ளும். 

இந்தக் கதையில் வருவது பதினோராவது கம்பு. அதைக் கேட்டது என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. வேலை முடிந்தால் கடற்கரை, கடற்கரை முடிந்தால் தூக்கம், அவ்வளவுதான் அவன் வாழ்க்கை. நாலு வருடமாக அவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காரணம் நான்தான்.

என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் அவன். முதல் நாள் ராத்திரி மண்டபத்துக்கு வந்திருக்க வேண்டியவன், முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் சீர்த்தட்டோடு ஓடி வந்தான். மீன் பிடிக்கப் போன படகில் இன்ஜின் நின்றுபோய்விட்டதாம். நான் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டார் நிற்கும்போதே, "கல்யாணத்துக்கு வந்தியா, கருவாடு விக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். அவன் தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தான்; பந்தியில் உட்காராமல் போய்விட்டான். சாப்பிடாமல் போனான் என்பதை என் மனைவி அன்றே கவனித்தாள். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

அப்படிப்பட்டவன் போன சித்திரையில் அக்காவிடம் போனில் கேட்டிருக்கிறான்: "அத்தான் கம்பு கட்டுதாகளாமே. எனக்கு ஒண்ணு கட்டித் தருவாகளா?"

அவள் வந்து என்னிடம் சொன்னபோது கையில் கரண்டியோடு நின்றாள். குழம்பு அடியில் பிடிக்கிற வாடை வந்தும் அடுப்படிக்குத் திரும்பவில்லை. "கட்டிக் குடுப்பீங்கல்லா?" என்று மட்டும் கேட்டாள். கூடப்பிறந்தது அவளுக்கு அவன் ஒருத்தன்தான்.

பத்தடிக் கம்பு, இரண்டு துண்டு. அவன் கைக்குத் தகுந்த மாதிரி பிடியைக் கனமாக வைத்தேன். நூலை இரண்டு தடவை பிரித்துத் திரும்பச் சுற்றினேன். இதற்குமுன் எந்தக் கம்புக்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை.

கட்டியதைச் சோதிக்காமல் கொடுப்பது என் வழக்கம் இல்லை. பட்டறையிலும் மோட்டாரை ஓட்டிக் காட்டாமல் கொடுத்தது கிடையாது. ஆனால் வைகாசியில் இங்கே தண்ணீருக்கு எங்கே போவது? இடைசெவல் போகிற வழியில் தரிசாகக் கிடக்கும் ஒரு கரிசல் காடுதான் எனக்குக் கடல். நுனியில் நூறு கிராம் ஈயக்குண்டைக் கட்டி வீசுவேன். கோடையில் அந்த மண் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். குண்டு போய் ஒரு வெடிப்புக்குள் விழுந்து மாட்டிக்கொள்ளும். முதல் கம்பில் அப்படி மாட்டியபோது எரிச்சலாக இருந்தது. பிறகு அதையே பரீட்சையாக வைத்துக்கொண்டேன். மாட்டிய குண்டை இழுக்கிற இழுப்பில் கம்பு வில்லாக வளைந்து தாங்கிவிட்டால் பாஸ். பத்துக் கம்புகள் அப்படித்தான் பாஸ் ஆகிப் போயின.

அன்றைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னை ஏற்கெனவே பார்த்துப் பழகியவர்தான்.

"அண்ணாச்சி, இன்னைக்காவது ஏதும் மாட்டுச்சா?"

"மாட்டியிருக்கு. இழுத்தாத்தான் வர மாட்டேங்குது" என்றேன்.

உண்மையிலேயே வரவில்லை. குண்டு ஆழமாகப் போய் இறுகியிருந்தது. நூலை அறுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இது மச்சினன் கம்பு. இன்னும் கொஞ்சம் தாங்குகிறதா பார்ப்போம் என்று காலை ஊன்றி இழுத்தேன். கம்பு வளைந்தது. இன்னும் இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், காய்ந்த உளுந்து நெற்று வெடிக்கிற அளவுக்கு. அதே நேரம் குண்டும் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

"என்னமோ ஒடிஞ்ச மாதிரி கேட்டுச்சே அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா.

"நூல் உரசுன சத்தம்மா அது."

சொன்னவன் நான். முப்பது வருடம் பேரிங் சத்தத்தை வைத்தே மோட்டாருக்கு என்ன நோய் என்று சொன்ன காது என்னுடையது.

வீட்டுக்கு வந்து கம்பைப் பஞ்சால் உருவிப் பார்த்தேன். எங்காவது இழை பிரிந்து சிலாம்பு இருந்தால் பஞ்சு மாட்டும். மாட்டவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு குழாய் வரவழைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இதற்குள் மனைவி தம்பியிடம் "கட்டி முடிச்சாச்சுலே" என்று சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பிவிசி குழாய்க்குள் கம்பைப் போட்டு, அவள் கொடுத்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தையும் சேர்த்துப் பார்சல் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எட்டு நாள் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. டீ குடிக்க என்று கிளம்பி ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு, டீ குடிக்காமலே திரும்பி வருவேன். பேனா மூடியை மூடினால் டிக். சுவிட்சைப் போட்டால் டிக். நடுக் கடலில் கார்பன் கம்பு முறிந்தால் சிலாம்பு தெறிக்கும். கண் பக்கத்தில்தான் தெறிக்கும். ஒன்றும் ஆகாமல் வெறுமனே முறிந்தாலும், அத்தான் வேண்டுமென்றே சொத்தையைக் கட்டிக் கொடுத்தார் என்று நினைப்பான். நாலு வருடம் அப்புறம் நாற்பது வருடம் ஆகும்.

இதற்கு நடுவே மனைவி வேறு தினமும் செய்தி வாசித்தாள். "கம்பு அருமையா இருக்காம். நேத்து ஊளி மீன் மாட்டுச்சாம்." மறுநாள், "பாறை மீனாம், ரெண்டு பேரு சேந்து தூக்குனாங்களாம்." அவள் முகம் அந்த எட்டு நாளில் பத்து வயது குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை சொன்னாள்: "நாளாண்ணைக்கு எல்லாரும் படகுல போறாங்களாம். உங்க கம்பைத்தான் கொண்டு போறானாம்."

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். தூத்துக்குடியில் செம்புக் கம்பி வாங்க வேண்டும் என்று வீட்டில் பொய் சொன்னேன். எட்டயபுரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றதற்கு, ஏதோ என் சொந்த வண்டியை மறித்தது போல, டிரைவரிடம் சண்டைக்குப் போனேன்.

மச்சினன் கதவைத் திறந்தான். அவன் மனைவி பிள்ளைகளோடு தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் தனியாக இருந்தான். தலையில் நரை விழுந்திருந்தது. எனக்கு அது தெரியாது.

"வாங்க அத்தான்" என்றான்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாப்ள, அந்தக் கம்பை எடு. நான் திருப்பிக் கொண்டு போகணும்."

அவன் முகம் சட்டென்று கறுத்தது. உள்ளே போய்க் கம்பைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினான். "கொண்டு போங்க" என்றான். கொடுத்ததைப் பிடுங்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. கரிசல் காடு, வெடிப்பு, டிக் சத்தம், ஆடு மேய்த்த அம்மாவிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"வந்த அன்னைக்கே மொட்டை மாடியில வச்சு வளைச்சுப் பாத்தேன். டிக்குன்னுச்சு. அதோட ஓரமா வச்சுட்டேன்."

"அப்ப அந்த ஊளி?"

"அது பழைய கம்புல."

"பாறை?"

"பாறையே கெடையாது" என்றான்.

"நாளைக்குப் படகுல இதைத்தான் கொண்டு போறேன்னியாம்?"

"அக்கா கேட்டா. ஆமான்னேன்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நாலு வருசம் கழிச்சு உங்க கையால ஒரு சாமான் வந்திருக்கு. அதுல போயி நொட்டை சொல்லவா? அக்கா வேற டெய்லி போன் போட்டுக் கேக்கா, எப்படில இருக்கு எப்படில இருக்குன்னு."

எட்டு நாளும் நான் மட்டும்தான் தவித்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பாத்துருவோமா?" என்றான் அவன்.

மொட்டை மாடிக்குப் போனோம். நூலை வாளியில் கட்டி, அவன் கம்பைப் பிடித்துத் தூக்க, நான் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். அவன் கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். நாலாவது செம்பில் டிக். ஐந்தாவதில் கம்பு பட்டென்று முறிந்து, வாளி கவிழ்ந்து, என் வேட்டி முழுக்க நனைந்தது. இரண்டு துண்டும் சேரும் இணைப்புக்கு ஒரு சாண் மேலே முறிந்திருந்தது.

அவன் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "மீனு இழுத்தாலும் நடுவுல விட்டுக் குடுக்கும் அத்தான். தரை எங்க விட்டுக் குடுக்கும்? அதுல போயிக் கட்டி இழுத்திருக்கீங்களே."

நான் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "மாப்ள, அன்னைக்கு மண்டபத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். பஸ்ஸில் வரும்போது இதைச் சொல்வதாக நினைக்கவே இல்லை.

அவன் கொஞ்ச நேரம் நூலைச் சுருட்டினான். "நானும் சாப்பிட்டுட்டுப் போயிருக்கணும்" என்றான்.

பிறகு கீழே வந்து சட்டையை மாட்டினான். அடுத்த கம்பைக் கட்டும்போது தானும் கூட இருக்க வேண்டுமாம், என்னை நம்பி இனிமேல் எதையும் விட முடியாதாம். குழாயே இன்னும் வரவழைக்கவில்லையே என்றேன். "எந்தக் குழாய் வாங்கணும்னு வந்து சொல்லுதேன்" என்றான். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் அதை எடுத்துக் காட்டவில்லை. எனக்கும் அப்போது அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

கோவில்பட்டி வந்து சேரும்போது மதியம் இரண்டு மணி. கதவைத் திறந்த மனைவி முதலில் ஈரம் காய்ந்து சுருங்கிய என் வேட்டியைப் பார்த்தாள். பின்னால், முறிந்த கம்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான்.

"ஒடிஞ்சுட்டா?" என்றாள்.

"ஒடிச்சாச்சுக்கா" என்றான் அவன்.

எப்படி, ஏன், செம்புக் கம்பி எங்கே, எதையும் அவள் கேட்கவில்லை. கொல்லையில் போய் வாழை இலை ஒன்றை நறுக்கிக்கொண்டு வந்தாள். எனக்கு வழக்கமான தட்டுதான். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். ரசம் ஊற்றச் சொல்லி இரண்டாவது தடவை கேட்டான். நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி அவன் இலைக்கு எதிரிலேயே நின்றாள். அவன் மோருக்குச் சாதம் வாங்கி, வழித்துச் சாப்பிட்டு, இலையை மடித்த பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.