சீலிங்கில் வளர்ந்த கறை

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவள் இவள். இரண்டாம் மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தாள். அக்கா எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள் என்று தம்பி கேலி செய்வான். அப்பேர்ப்பட்டவளே ஒருமுறை பார்க்காமல் பழி போட்டுவிட்டாள்.

படுக்கையறைச் சீலிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரக்கறை. மேல்வீட்டில் ஒரு பஸ் ஓட்டுநர், அவர் மனைவி, இரண்டு குழந்தைகள். நாள் முழுக்கத் தண்ணீர் புழங்கும் சத்தம் கேட்கும். வேறு யாராக இருக்க முடியும்? கட்டட மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர் மறுநாளே மேல்வீட்டுக் கதவில் எச்சரிக்கைக் கடிதம் ஒட்டினார்.

மாலையில் ஓட்டுநரின் மனைவி அதைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"ஏங்க, எங்க வீட்ல ஒரு குழாயும் ஒழுகல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"எனக்கு நேர் மேல நீங்கதானே இருக்கீங்க?"

"இருந்தா? நாளைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறோம், வர அஞ்சு நாளாகும். மெயின் வால்வையே மூடிட்டுப் போறேன். அப்புறம் பாருங்க."

அவர்கள் கிளம்பியதும் இவள் நாற்காலியில் ஏறி, கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். மறுநாள் கறை கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு. மூன்றாம் நாளும் அப்படித்தான். மேலே ஆளே இல்லை, தண்ணீர் மட்டும் எங்கிருந்து வருகிறது? வேலைக்கு நடுவிலும் அதே நினைப்பு. கோடுகளை மறுபடி உற்றுப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. ஜன்னல் பக்கம் கறை மெல்லியது. இடதுபக்கச் சுவரை ஒட்டித்தான் அடர்த்தி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றாம் மாடியில், ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு.

"ஆளில்லாத வீடும்மா. அங்க யாரு தண்ணி திறப்பா?" என்றார் மேனேஜர்.

"அதைத்தான் சார் நானும் தெரிஞ்சுக்கணும்."

தினமும் கறையைப் போனில் எடுத்திருந்த படங்களை வரிசையாகக் காட்டினாள். மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அட, சுவர் பக்கத்துலேர்ந்துல்ல பரவுது!" சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

பூட்டிய வீட்டின் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு சொட்டிக்கொண்டிருந்தது. தரையோரம் சின்னக் குட்டை. மேனேஜருக்கு அதுவே போதும். இவளுக்குப் போதவில்லை. இந்தத் தண்ணீர்தான் தன் சீலிங்குக்கு வருகிறதா என்று பார்க்க, வாங்கி வைத்திருந்த நீலச் சாயத்தைக் குட்டையில் கரைத்தாள்.

சாயம் கரைத்த இரண்டாம் நாள் மாலை கறையின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. இவள் செருப்புகூடப் போடாமல் மாடியேறினாள். அப்போதுதான் வந்து பையை இறக்கிய ஓட்டுநரின் மனைவியைக் கையோடு கூட்டி வந்தாள்.

"இது உங்க வீட்டுத் தண்ணி இல்லை. விசாரிக்காம எழுதிக் கொடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

ஓட்டுநரின் மனைவி அண்ணாந்து பார்த்தாள். கோபமாகத்தான் இருந்தாள். கோடுகளையும் தேதிகளையும் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவும் நாற்காலியில ஏறியா போட்டீங்க? விழுந்து வச்சிருந்தா?"

மேனேஜர் குழாயை மாற்றினார். மேல்வீட்டுக்குத் தன் கையால் வருத்தக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். சீலிங்குக்கு வெள்ளையடித்த அன்று ஓட்டுநரின் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, தினமும் மூணு மணிக்கு எங்க சுவத்துக்குள்ள டொக் டொக்னு ஏதோ சத்தம். என்னன்னே தெரியல."

"எந்தச் சுவர்?" என்றபடியே இவள் படியேறத் தொடங்கினாள்.