வெயிலில் காய்ந்த வெள்ளைத் துணி

போன மாதம் நானும் என் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, மறுநாள் ராஜபாளையத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். இரண்டு வருடத்துக்கு முன் அவள் வலது கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியது. அதற்குப் பிறகு முழுக்கைச் சட்டை இல்லாமல் அவள் வெளியே வந்ததே இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில், வரிசை வரிசையாகக் கட்டிய கயிறுகளில் வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பின்னால் நீல மலை. காற்றடித்தால் அம்புட்டுத் துணியும் ஒன்றாக எழும்பியது. வேட்டித் துணி என்று நினைத்தேன்.

"நடுவுல போய் நில்லு, போட்டோ எடுக்கேன்."

மகள் ஓடினாள். அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள்.

"ஏட்டி, தொட்டுராத! ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி. காயத்துல சுத்துறது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் என் பிள்ளை போட்ட அலறல் காதுக்குள் கேட்டது. இங்கேயா போய் நிற்கச் சொன்னேன்!

"வந்துரு, போயிரலாம்" என்று கத்தினேன்.

அவள் வரவில்லை. சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். சுருங்கிய தோலை அந்தப் பெண் செத்த நேரம் பார்த்தாள்.

"எங்க துணிதான் சுத்துனாகளா தாயி?"

"இருக்கும்க்கா" என்ற மகள், என் பக்கம் திரும்பினாள். "எடும்மா. கையும் விழணும்."

அவசரமாக எடுத்தேன். படத்தில் மலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, துணி கலங்கியிருக்கிறது. அவள் கை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

அதைத்தான் வாட்ஸ்அப்பில் தன் படமாக வைத்திருக்கிறாள். தினமும் திறந்து பார்க்கிறேன். எனக்கு இன்னும் பதற்றம் அடங்கவில்லை.