டாக்டர் கேட்ட இரண்டாவது பதில்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் காரைக்குடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சைக்கிளில் துணி வியாபாரம். சேலை, கைலி, ஜாக்கெட் துணி எல்லாவற்றையும் மூட்டையாகக் கேரியரில் கட்டிக்கொண்டு அமராவதிபுதூர், பள்ளத்தூர் என்று ஊர் ஊராகப் போவார். பெரிய வீட்டு ஆச்சிமார்கள் ஒரு சேலை எடுப்பதற்கு மூட்டையில் உள்ள அத்தனையையும் பிரிக்கச் சொல்வார்கள். பிரிப்பார், மடிப்பார், திரும்பக் கட்டுவார், முகம் சுளிக்க மாட்டார்.

அந்த மனுஷருக்கு நாற்பது வயதைத் தாண்டியதும் இதயம் மெதுவாகத் துடிக்கிற நோய் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிச் சாய்ந்துவிடுவார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயம் சுணங்கினால் அதைத் தூண்டி ஓடவைக்கிற சின்ன மெஷின். எங்கள் தெருவில் அதற்குப் ‘பொட்டி’ என்றே பேர். பார்க்க வந்தவர்கள் எல்லாம் சட்டையை விலக்கிக் காட்டச் சொன்னார்கள். இவரும் புதுச் சேலையைப் பிரித்துக் காட்டுகிற மாதிரி பெருமையாகக் காட்டுவார். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

மயக்கம் நின்றது. ஆனால் ஆள் பழைய ஆளாகவில்லை. மூட்டையோடு எதிர்காற்றில் மிதித்தால் தலை சுற்றியது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து வணங்கிவிட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தார். ஒருநாள் அமராவதிபுதூர் ரோட்டில் சைக்கிளோடு விழுந்து, முழங்கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

“பொட்டி வச்சும் இப்படின்னா இனி அம்புட்டுத்தான் புள்ள. சைக்கிளை யாருக்காச்சும் குடுத்துரு” என்றார்.

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். சைக்கிள் போனால் போகட்டும், இந்த மனுஷரே போய்விடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

பொட்டி வைத்த சென்னை டாக்டரிடம் சொல்லுங்களேன் என்றால் தலையை ஆட்டுவார். அங்கே போய் உட்கார்ந்தால் கதையே வேறு. “எப்படி இருக்கீங்க பாய்?” என்று டாக்டர் கேட்க, “அல்ஹம்துலில்லா, நல்லா இருக்கேன் சார்” என்பார் இவர். எங்களில் யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது இறைவனுக்கு நன்றிதான். காய்ச்சலில் கிடந்தாலும் அதைத்தான் சொல்வோம். இவர் ஒரு படி மேலே போய், அதன் பிறகு குறை சொன்னால் உயிர் கொடுத்த ஆண்டவனுக்கும் வைத்தியம் பார்த்தவருக்கும் துரோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கட்டிலில் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுப்பார். படுத்திருக்கிற ஆளுக்கு என்ன தலைசுற்றல் வரும்? எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்.

ரோட்டில் விழுந்த பிறகு போனபோதும் அதே கேள்வி, அதே பதில். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஓர் ஆத்திரம் வந்ததோ!

“ஏன் மச்சான் மூடி மறைக்கிறீக? ரோட்டுல விழுந்து கெடந்தீகளே, அதுதான் நல்லா இருக்கிறதா? தொழுதுட்டு எந்திரிக்க முடியாம செவத்தைப் பிடிக்கிறீகளே, அதையும் சொல்லுங்க!” என்று கத்தியேவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

இவர் முகம் சுண்டிப்போயிற்று. “வாயை மூடு புள்ள, சார் என்ன நெனைப்பாக?” என்று முணுமுணுத்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பாய், நீங்க சொன்ன முதல் பதில் ஆண்டவனுக்கு. அதுல நான் குறுக்கே வரலை. எனக்கு இரண்டாவது பதில் ஒண்ணு வேணும். உங்க பேஸ்மேக்கர் எவ்வளவு வேகமா ஓடணும்னு அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ண முடியும்” என்றார்.

இவர் மெல்ல எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் ஒரு விரிப்பு போடச் சொன்னார். தொழுகையில் எப்படிக் குனிந்து எழுவாரோ அப்படியே செய்யச் சொன்னார். எழுந்தபோது இவர் கை தானாகச் சுவரைத் தேடியது. டாக்டர் அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு கூடவே மாடிப்படி ஏறினார். பாதியிலேயே இவருக்கு மூச்சு வாங்கியது.

“கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு இந்த வேகம் போதும். மூட்டையோட சைக்கிள் மிதிக்கிறவருக்குப் போதாது” என்றார் டாக்டர்.

“மறுபடி அறுக்கணுமா சார்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். ஒரு கருவியைக் கொண்டுவந்து, பேஸ்மேக்கர் இருந்த இடத்தில் சட்டைக்கு மேலேயே வைத்து, ஒரு திருகைத் திருப்பினார். அவ்வளவுதான். வெளியிலிருந்தே வேகத்தை மாற்றுகிற புது மாடலாம் அது. அடப்பாவி மனுஷா, இதற்காகவா இத்தனை மாசம் வாயை மூடிக்கொண்டு இருந்தீர் என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தார்கள். காலையில் டாக்டர் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். “அல்ஹம்துலில்லா” என்று தொடங்கியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப உங்களுக்குச் சொல்றேன் சார். படி ஏற சொகமா இருக்கு. ஆனா படுத்தா நெஞ்சு தடதடங்குது, பொட்டுத் தூக்கம் இல்லை.”

“இதைத்தான் பாய் கேட்டேன்!” என்று டாக்டர் அவர் தோளில் தட்டினார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி படி ஏறச் சொன்னார், படுக்கச் சொன்னார், கேட்டார், இன்னும் ஒரு துளி மாற்றினார். தையல்காரர் உடம்புக்குத் தக்கபடி பிடித்தும் தளர்த்தியும் பார்ப்பாரே, அப்படி. கடைசியில் இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு வேகம் கிடைத்தது.

ஊருக்கு வந்து சில வாரம் கழித்து மூட்டை கட்டிக்கொண்டு பள்ளத்தூருக்குக் கிளம்பினார். பாதி மூட்டைதான் கட்ட விட்டேன். திரும்பும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு, “பசிக்குது புள்ள, சோத்தைப் போடு” என்றார். சோறு போடும்போது என் கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. “இப்ப எதுக்கு அழுகுறே?” என்று கேலி வேறு.

அதன் பிறகும் பல வருஷம் அவர் என்னோடு வாழ்ந்தார். இப்போது என் வயதுக்கு எனக்கும் ஆயிரம் நோவு. யாராவது மெய்யான அக்கறையோடு நலம் கேட்டால், ஆண்டவனுக்கு நன்றி சொன்ன கையோடு வலிக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மைக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான் என்று அன்று அந்த அறையில் எனக்குப் புரிந்தது.