கை தெரியாத கல்யாண ஆல்பம்

தங்கையின் கல்யாணப் படங்களை மஸ்கட்டில் இருந்த அண்ணனுக்கு எப்படிக் காட்டுவது என்ற பேச்சு வந்தபோது, வீட்டில் யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. நானாகத்தான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். திருத்தணியில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் என்றால், மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதில் தொடங்கி விடுப்புக் கடிதம் டைப் செய்து பிரிண்ட் எடுப்பதில் முடிந்துவிடும். ஆறு மாத டிப்ளமோ ஒன்று முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழுக்கு நானே கண்ணாடி போட்டு, நானே ஆணி அடித்து, வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். கே.ஜி.கண்டிகைப் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த அப்பா, எங்களுக்கு நைனா, ஒரு நாள் அதன் முன் நின்று வெகு நேரம் பார்த்தார். "ஃபிரேம் நல்லா கீது" என்றார்.

அண்ணன் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டான், கிடைக்கவில்லை. போனில் அழவில்லை, ஆனால் மாப்பிள்ளை எந்தக் கலர் சட்டை போடப்போகிறார் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நைனா டிராக்டர் டிரெய்லரிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆந்திரா எல்லையைத் தாண்டிக் கூட்டிப்போய்ப் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வந்தோம். மூங்கில் தப்பை வைத்து, மருந்து தடவி, வெள்ளைத் துணியால் முழங்கைவரை இறுக்கிய கட்டு. எங்கள் பக்கத்தில் அதை அரை பர்லாங்கு தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீடு வந்ததும் நைனா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"பெரியவனுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா வேலைய உட்டுட்டு வந்துடுவான். ஒருத்தரும் வாயத் தொறக்காதீங்க. போட்டோலயும் கை தெரியக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "உனுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"நான் பாத்துக்கறேன் நைனா" என்றேன்.

மலைக்கோயிலில் தாலி கட்டி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் ஒவ்வொரு படத்துக்கும் நைனாவை அம்மாவுக்குப் பின்னால் அரை ஆளாக நிறுத்தினார். மீதிக்கு மேல்துண்டு இருந்தது. ஸ்டூடியோ கொடுத்த சி.டி.யில் நூற்றைம்பது படத்துக்கு மேல் இருந்தது. ஒன்றில்கூடக் கை இல்லை. இது போக, சென்டர் முதலாளியிடம் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்று அன்று முழுக்க மண்டபத்தில் கை மாறிக்கொண்டே இருந்தது. நானும் எடுத்தேன், மாப்பிள்ளைத் தோழர்களும் எடுத்தார்கள், பெயர் தெரியாத உறவினர்களும் எடுத்தார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாளே என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, எளிய வழி ஒன்று சொன்னார். பாவா பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருப்பவர். எதையும் இரண்டு வாக்கியத்தில் முடிப்பவர்.

"முப்பது போட்டோ நல்லதா பாத்து சி.டி. போடு மச்சான். எங்க தெருவுல ஒருத்தரு அடுத்த மாசம் மஸ்கட் போறாரு, கைல குடுத்துடலாம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வரும்.

"பாவா, இனிமே போட்டோல்லாம் ஆளுங்க கூட போவாது. அதுவா போவும்."

"எங்க போவும்?"

"ஒரு எடத்துல போயி இருக்கும். அண்ணன் அங்கருந்து பாத்துக்கும்."

"அதான், எந்த எடம்?"

"அமெரிக்கால எங்கனா இருக்கும் பாவா."

பாவா கொஞ்சம் யோசித்தார். "இங்கருந்து மஸ்கட் போறதுக்கு அமெரிக்காவ சுத்திகினு போவணுமா?" என்றார்.

இன்றைக்கு அதைக் கிளவுட் என்று சொல்லிவிடலாம். அப்போது என்னிடம் அந்த வார்த்தை இல்லை. இருந்திருந்தால் அதையும் சொல்லிப் பாவாவை இன்னும் குழப்பியிருப்பேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் கட்டம் போட்டேன். இமெயிலில் இணைத்து அனுப்புவது, சி.டி., பென் டிரைவ், ஆன்லைன் ஆல்பம். வேகம், பாதுகாப்பு, கௌரவம் என்று மூன்று தலைப்பில் மதிப்பெண் போட்டேன். கௌரவம் என்ற தலைப்பு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆன்லைன் ஆல்பம்தான் ஜெயித்தது. ஜெயிக்கும்படியாகத்தான் தலைப்புகளையே வைத்திருந்தேன்.

பிறகு எந்த ஆல்பம் என்று ஆராய்ச்சி. இலவசமாக இடம் தரும் தளங்கள் நாலைந்து இருந்தன. ஒன்றில் இடம் நிறைய, ஆனால் மூன்று மாதம் எட்டிப் பார்க்காவிட்டால் அழித்துவிடுவார்களாம். இன்னொன்று படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கியது. ஒவ்வொன்றிலும் சென்டரில் இருந்த தண்ணீர் டிரம்மைப் படம் எடுத்து ஏற்றிப் பார்த்தேன். அந்த டிரம் ஐந்து தளங்களில் இருந்தது. தங்கை கல்யாணம் ஒன்றிலும் இல்லை. இப்படியே மூன்று வாரம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு விடுமுறை, அன்றுதான் போன் செய்வான்.

"போட்டோ இன்னாடா ஆச்சு?"

"வந்துகினே இருக்குண்ணா. பாதுகாப்பு பாத்துகினு இருக்கேன்."

"இன்னா பாதுகாப்பு? கல்யாணப் போட்டோதானடா?"

கடைசியில், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வசதி உள்ள ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். பன்னிரண்டு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நடுவில் ஒரு டாலர் குறி. அதைப் போனில் சொல்லி முடிக்க அண்ணனின் போன் கார்டு பாதி தீர்ந்துவிட்டது.

"அப்பறம் டாலர்ண்ணா."

"டாலரா? இங்க ரியால்தான்டா."

படங்களை ஏற்றுவதற்கு, வகுப்பு தொடங்குமுன் காலை ஆறு மணிக்கே சென்டரைத் திறந்தேன். பத்துப் படம் ஏறும், கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. நான்கு காலைகளில் ஸ்டூடியோ படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் திரையின் மூலையில் ஒரு பட்டை, கொடுத்த இடத்தில் பாதிதான் தீர்ந்திருக்கிறது என்று காட்டியது. விவசாயி மகன் நான், பாதி நிலத்தைத் தரிசாகப் போட மனம் வரவில்லை. இரவல் கேமராவில் இருந்த படங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏற்றினேன். ஏற்றும்போது திரையில் கோப்புகளின் எண்கள்தான் வரிசையாக ஓடும், படம் தெரியாது. நானும் எதையும் திறந்து பார்க்கவில்லை. பட்டை நிறைவதைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

கேமராவை மெமரி கார்டு உட்படத் துடைத்து, காலி செய்து, முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன். இரவல் வாங்கியதைச் சுத்தமாகத் திருப்பித் தருபவன் என்ற பெயர் எனக்கு உண்டு.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பாராட்டை எதிர்பார்த்து, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அடித்தது.

"ஆல்பம் பாத்தேன்" என்றான் அண்ணன்.

"எப்படிண்ணா? குவாலிட்டி?"

"நைனா கையில அது புத்தூர் கட்டுதான?" என்றான்.

"எந்தப் போட்டோலண்ணா?" என்று கேட்டேன். அதைவிட முட்டாள்தனமான பதில் ஒன்று இருக்க முடியாது.

"எந்தப் போட்டோலயா? பதினாலு போட்டோல கீதுடா. நைனாகிட்ட குடு."

நைனா போனை இடது கையில் வாங்கினார். "ஆங்… ஒண்ணுமில்லடா. லேசாத்தான். இல்லடா, யாரு சொன்னது, நல்லா சாப்புடறேன்… உங்கிட்ட மறைக்கணும்னு இல்லடா…" பேசப் பேசத் தலை குனிந்துகொண்டே போனது. எழுபது மூட்டை வேர்க்கடலையை ஒரே நாளில் ஏற்றி அனுப்பிய மனுஷன், திருட்டு மாங்காயோடு பிடிபட்ட பையனைப் போல நின்றார். பேசி முடித்துப் போனை என்னிடம் தந்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மாதான் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வாரமா அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னாதாண்டா பண்ணிகினு இருந்த?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சென்டருக்கு ஓடினேன். அந்தப் பதினாலு படத்தையும் அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நேரத்தில் ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. பார்த்தவன் பார்த்துவிட்டான். இருந்தும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். அப்போதுதான் அந்தப் படங்களை முதல் முறையாகப் பார்த்தேன்.

பெரும்பாலும் சாதாரணப் படங்கள். யாரோ பேசிக்கொண்டிருக்க, பின்னால் நைனா கட்டுக் கையோடு நடந்து போவார். ஒன்று மட்டும் வேறு மாதிரி. கடைசிப் பந்தி, கூட்டம் கலைந்துவிட்டது. நைனாவும் அம்மாவும் இலை முன் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா சாம்பார் சாதத்தைப் பிசைந்து அவருக்கு ஊட்டுகிறாள். நைனா வாயைத் திறந்தபடி, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார். அம்மா சிரிப்பை அடக்குகிறாள். அந்த இரண்டு பேரையும் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. யார் எடுத்தார்கள் என்றும் தெரியவில்லை.

ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு அதையும் அழித்தேன். சென்டர் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிகளையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். எதற்கு மாற்றினேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை, வேலை நாளிலேயே அண்ணன் கூப்பிட்டான்.

"ஆல்பம் தொறக்க மாட்டேங்குது."

"பாஸ்வேர்டு மாத்திட்டேண்ணா."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

"யாருகிட்டருந்துடா? என்கிட்டருந்தா?"

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், அழித்ததையும் சேர்த்து. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அம்மா ஊட்டற போட்டோவையுமா?" என்றுதான் கேட்டான். ஆமாம் என்றேன். மூன்று இடத்திலும் அழித்துவிட்டேன், இனி அது எங்கேயும் இல்லை என்றும் சொன்னேன்.

"எங்கிட்ட கீது" என்றான்.

வெள்ளிக்கிழமை பார்த்த உடனேயே அந்த ஒரு படத்தை மட்டும் இறக்கி, தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுவிட்டானாம்.

"உன்ன நம்பி எப்படிடா உட்றது" என்றான். கேலியா கோபமா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

வேலையை விட்டு அவன் வந்துவிடவில்லை. நைனா பயந்தது நடக்கவில்லை. அதற்குப் பதிலாக என்னிடம் ஒரு உறுதி வாங்கினான். வாரம் ஒரு படம், நைனா கையோடு, ஒளிவுமறைவு இல்லாமல். அதற்கு ஆல்பமும் வேண்டாம், பூட்டும் வேண்டாம், மெயிலில் ஒன்றே ஒன்று இணைத்து அனுப்பினால் போதும் என்றான். முதலாளியிடம் மறுபடி கேமராவைக் கேட்டபோது, "தங்கச்சிக்கு இன்னொரு கல்யாணமா?" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நைனா வாசலில் முறைப்பாக நின்று கையை நீட்டுவார், போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை எடுப்பதுபோல. கட்டு பெரிதாக இருந்தது சின்னதானது, பிறகு அவிழ்ந்தது. கட்டு அவிழ்ந்த வாரம் நைனா என்னைக் கூப்பிட்டு, ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இத்த எடு" என்றார். வாளி லேசாக ஆடியது. எடுத்து அனுப்பினேன்.

இதற்குள் பாவா பாட்டுக்கு முப்பது படத்தைப் பொறுக்கி சி.டி. போட்டு, தெருக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அண்ணன் சொன்னபோது, அவர் என் பக்கம் திரும்பினார். வெற்றிலையை மெதுவாக மடித்தார்.

ஒப்பந்தம் முடிந்து அண்ணன் வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் நைனாவின் வலது கையைத்தான் முதலில் பிடித்தான். மணிக்கட்டில் எலும்பு லேசாக வளைந்து கூடியிருந்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். "வலிக்குதா?" என்றான். "மழை வந்தா தெரியும். அதுவும் நல்லதுதான், ரேடியோ கேக்க வேணாம்" என்றார் நைனா.

சாமான்களைப் பிரித்தபோது சட்டைகளுக்கு நடுவிலிருந்து லேமினேட் செய்த அந்தப் படத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். "ஐய, இத்தப் போயி யாராச்சும் எடுப்பாங்களா" என்று முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நைனா கேட்டும் காட்டவில்லை.

சில நாள் கழித்து, சென்டரில் ஸ்கேனர் வாங்கியிருந்த தைரியத்தில் அம்மாவிடம் போய், "அந்தப் போட்டோவக் குடும்மா, பத்திரமா ஒரு எடத்துல ஏத்தி வைக்கறேன்" என்றேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அது பத்திரமாத்தான் கீது" என்றாள். "எங்க கீதுன்னு உனுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்."